மலைநாட்டுக்கு ட்ரெயிலர் இழுக்கப் பெற்றோல் கெப்பா, டீசல் கெப்பா?

கேட்டவர்: கொட்டாஞ்சேனை மின்னொளி

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் திருமண மண்டபங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் மின்விளக்கு அலங்காரமும் மின்பிறப்பாக்கியும் வாடகைக்குக் கொடுக்கும் தொழிலை அப்பாவுக்குப் பின் நான் நடத்தி வருகிறேன். எங்களிடம் 60 கேவிஏ மின்பிறப்பாக்கி ஒன்று நான்கு சக்கர ட்ரெயிலரில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதை வருடத்தில் பெரும்பாலான நாட்களில் கொழும்புக்குள்ளும் நீர்கொழும்பு வரையிலுமே இழுக்கிறோம். ஆனால் மாசி மகத்துக்கு மாத்தளை, சித்திரையில் நுவரெலியா, இடையிடையே ஹட்டன் என்று வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது மலை ஏற வேண்டியிருக்கிறது.

இதுவரை இழுத்துக்கொண்டிருந்தது டேர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) இல்லாத ஒரு பழைய டீசல் வான். சென்ற முறை கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது, றம்பொடைக்கு மேலே முதலாம் கியரிலும் அது திணறியது. பின்னால் கரும்புகையும் வாகன வரிசையுமாக, ஓரம் கட்டி நிறுத்துவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. திரும்பவும் கிளப்ப முயன்றதில் கிளச் கருகியது. அன்றிரவு விழாவுக்கு வெளிச்சம் கொடுக்க முடியாமற்போனதை நினைத்தால் இன்றைக்கும் மனம் வலிக்கிறது. வாக்குக் கொடுத்த இடம் அது.

ஆகவே இப்போது ஒரு டபுள் கெப் (இரண்டு இருக்கை வரிசையுள்ள பிக்கப்) வாங்கத் தீர்மானித்திருக்கிறேன். பார்த்தவற்றில் இரண்டு மனத்துக்குப் பிடித்திருக்கின்றன. இரண்டுமே 2015க்கு முந்திய தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸ். ஒன்று 2.7 லீற்றர் பெற்றோல், மற்றையது 3.0 லீற்றர் டேர்போ டீசல். பெற்றோல் வண்டியின் விலை கணிசமாகக் குறைவு, ஓட்டமும் குறைவு. குதிரைவலு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று விற்பவர் சொல்கிறார். இழுவைக்கு டீசல்தான் என்று அப்பா காலம் முழுக்கச் சொல்லி வந்தார், ஆனால் என்னை மலையில் கைவிட்டது டீசல்தான். வலு ஒன்றாக இருந்தால் இழுவையும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? ட்ரெயிலரும் மின்பிறப்பாக்கியும் சேர்ந்து 1900 கிலோ அளவில் வரும் என்பது என் கணிப்பு. அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.


பதில்: வெள்ளவத்தைப் பொறியியலாளன்

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியில்தான் விடை இருக்கிறது, ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். விற்பவர் சொன்னது பொய்யல்ல. நீங்கள் சொல்லும் 2.7 பெற்றோல் எஞ்சினின் உச்ச வலு ஏறத்தாழ 118 கிலோவாட், 3.0 டீசலினுடையது ஏறத்தாழ 120 கிலோவாட். ஆனால் பெற்றோல் எஞ்சின் அந்த வலுவைத் தருவது நிமிடத்துக்கு 5200 சுழற்சியில், டீசல் தருவது 3400 சுழற்சியில். முறுக்குவிசையை, அதாவது எஞ்சின் தன் தண்டைத் திருகும் பலத்தைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். பெற்றோலின் உச்சம் 3800 சுழற்சியை அண்டி 241 நியூட்டன் மீற்றர். டீசலின் உச்சம் 343 நியூட்டன் மீற்றர், அதுவும் 1400 சுழற்சியிலேயே வந்து 3200 வரை அப்படியே நிற்கிறது.

வலு என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. நியூட்டன் மீற்றரை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9549 ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மலைக்கு வருவோம். கெப், அதில் ஏற்றும் வயர்கள், ஆட்கள், ட்ரெயிலர் எல்லாம் சேர்ந்து 4000 கிலோ என்று வையுங்கள். நூறு மீற்றர் ஓட்டத்துக்கு எட்டு மீற்றர் உயரும் ஏற்றத்தில் இந்த நிறையைப் பின்னோக்கி இழுக்கும் புவியீர்ப்பின் கூறு ஏறத்தாழ 3140 நியூட்டன். டயர்களின் உருளல் தடையையும் காற்றின் தடையையும் சேர்த்தால் மொத்தம் 3800 அளவில் வரும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஏற வேண்டுமானால் சக்கரத்தில் 42 கிலோவாட் வேண்டும். கியர்ப்பெட்டியிலும் டிஃபரன்சலிலும் போகும் இழப்பையும் சேர்த்தால் எஞ்சின் 48 கிலோவாட் கொடுக்க வேண்டும்.

இந்த 48 கிலோவாட்டை 2000 சுழற்சியில் கொடுப்பதற்கு 229 நியூட்டன் மீற்றர் தேவை. அந்தச் சுழற்சியில் டீசலின் கையிருப்பு 343, ஆகவே மூன்றில் இரண்டு பங்கு முயற்சியில் அது ஏறிவிடும். முன்னால் போகும் பஸ் சற்றுத் தயங்கினாலும், வளைவில் வேகம் குறைந்தாலும், கியர் மாற்றாமலேயே மீண்டும் பிடித்துக்கொள்ள மீதி இருக்கும். பெற்றோலுக்கு 229 என்பது அதன் உச்சத்துக்கே மிக நெருக்கமானது, அந்த உச்சமும் 2000 சுழற்சியில் கிடைப்பதில்லை. ஆகவே ஒரு கியரோ இரண்டு கியரோ இறக்கி, எஞ்சினை 3500 சுழற்சிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அதே 48 கிலோவாட்டுக்கு 131 நியூட்டன் மீற்றர் போதும், அது பெற்றோலுக்குச் சுலபமான வேலை.

இதைக் கவனமாக வாசியுங்கள்: பெற்றோல் கெப் அந்த ஏற்றத்தை ஏறாது என்று நான் சொல்லவில்லை. அது ஏறும், அதே வேகத்திலும் ஏறும். கியர் என்பது முறுக்குவிசையைப் பெருக்கும் நெம்புகோல், அதனால் எஞ்சினில் குறைவாக இருப்பதைச் சக்கரத்தில் ஈடுசெய்யலாம். வலு ஒன்றாக இருந்தால் இழுவையும் ஒன்று என்ற உங்கள் எண்ணம், எஞ்சினை எப்போதும் உச்சச் சுழற்சியில் வைத்திருக்க ஒருவர் தயாராக இருந்தால் சரியே. ஆனால் 3500, 4000 என்று சுழலும் எஞ்சினின் இரைச்சலோடும் வெப்பத்தோடும் எரிபொருட் செலவோடும் றம்பொடை வளைவுகளில் முக்கால் மணி நேரம் ஏறுவதும், 2000 சுழற்சியில் அமைதியாக ஏறுவதும் ஒன்றல்ல.

டீசலுக்கு இந்தத் தாழ்சுழற்சிப் பலம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் பழைய வான் உங்களைக் கைவிட்டதன் காரணமும் அதிலேதான் இருக்கிறது. பெற்றோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்தே சிலிண்டருக்குள் அமுக்கப்படுகின்றன. அளவுக்கு மீறி அமுக்கினால் தீப்பொறியிலிருந்து தீ பரவி வந்து சேரும் முன்பே மீதிக் கலவை தானாக வெடித்து, நாம் ‘நொக்’ என்று சொல்லும் சத்தத்தோடு பிஸ்டனைத் தாக்கும். அதனால்தான் அந்த 2.7 எஞ்சினின் அமுக்க விகிதம் பத்துக்குச் சற்றுக் குறைவாகவே வைக்கப்பட்டிருக்கிறது. டீசலில் வெறும் காற்றை மட்டும் 15 முதல் 18 மடங்கு வரை அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பீய்ச்சி எரிக்கிறார்கள். முன்கூட்டியே வெடிக்க அங்கே எரிபொருள் இல்லையாதலால், டேர்போவைக் கொண்டு எவ்வளவு காற்றை உள்ளே தள்ளினாலும் எஞ்சினின் உலோகம் தாங்கும்வரை பயமில்லை. கூடிய காற்று, அதற்கேற்பக் கூடிய எரிபொருள், அதனால் ஒவ்வொரு அடிக்கும் கூடிய விசை.

ஆகவே இன்றைய டீசல் கெப்பின் இழுவை, டீசலுக்கு டேர்போ கிடைத்ததால் வந்த இழுவை. உங்கள் வானில் அந்த டேர்போ இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டேர்போ இல்லாமல் தானாக மூச்சிழுக்கும் எந்த எஞ்சினும், பெற்றோலோ டீசலோ, அதே பங்கு வலுவை அங்கே இழக்கும். பெற்றோலில் நவீன உணரிகள் காற்றுக்கேற்ப எரிபொருளைக் குறைத்துவிடும், பழைய டீசல் பம்ப் குறைக்காது, அதனால் எரியாத எரிபொருள் கரும்புகையாக வெளியேறும். நீங்கள் கண்ட புகை அதுதான். டேர்போ உள்ள எஞ்சின் குறைந்த காற்றையும் வேகமாகச் சுழன்று அமுக்கிக் கொடுத்துவிடுவதால் இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுசெய்துகொள்ளும். உங்கள் அப்பா சொன்னதும் சரி, உங்களுக்கு நேர்ந்ததும் உண்மை. இரண்டுக்கும் இடையில் நிற்பது டேர்போ ஒன்றே.


பதில்: ஹட்டன் வீதிச் சாரதி

தம்பி, மேலே ஐயா எழுதிய கணக்குகள் எல்லாம் ஏறுவதைப் பற்றியவை. இருபத்திரண்டு வருடங்கள் கொழும்புக்கும் மலைநாட்டுக்கும் இடையில் லொறி ஓட்டியவன் என்ற முறையில் நான் இறங்குவதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ஏற்றத்தில் வலு போதாவிட்டால் நிற்கலாம், மானம் போகும், விழா தவறும், அவ்வளவுதான். இறக்கத்தில் வலு கட்டுக்கடங்காவிட்டால் நிற்க முடியாது.

டீசல் வாங்கினால் எஞ்சின் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். லொறியில் அது உண்மை, ஏனெனில் லொறியில் எக்ஸோஸ்ட் பிரேக் இருக்கிறது. ஸ்டியரிங் பக்கத்து நெம்பை இழுத்தால் புகைபோகும் வழியை ஒரு வால்வு அடைத்து, எஞ்சின் மூச்சுத் திணறி வண்டியைப் பிடிக்கும். சாதாரண டபுள் கெப்பில் அது கிடையாது. பெற்றோல் எஞ்சினில் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தவுடன், காற்று உள்ளே போகும் வழியிலுள்ள திரொட்டில் வால்வு மூடிக்கொள்ள, எஞ்சின் வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு சுற்ற வேண்டியிருப்பதால் அதற்கு இயற்கையாகவே ஒரு பிடிப்பு உண்டு. டீசலில் அப்படி மூடும் திரொட்டிலின் வேலை பெரும்பாலும் இல்லை, உள்ளே போகும் காற்று அமுக்கப்பட்டு மறுபடியும் வில்லைப் போலப் பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடுவதால் நிகரப் பிடிப்பு நினைத்த அளவுக்கு வராது. நான் இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். ஒரே கியரில், ஒரே இறக்கத்தில், எக்ஸோஸ்ட் பிரேக் இல்லாத சிறிய டீசலைவிடப் பெற்றோல் வண்டி சில இடங்களில் நன்றாகப் பிடித்ததைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே டீசலை வாங்கினாலும், ஏறிய கியரைவிட ஒரு கியர் குறைவாகவே இறங்குங்கள். கடுகண்ணாவையிலிருந்து மாவனல்லைப் பக்கம் இறங்கும்போது, கல்லைக் குடைந்த அந்தப் பழைய வழிக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் ஏறிய பின் குறைக்க நினைப்பவருடைய கால் பிரேக்கிலேயே தங்கிவிடும். பிரேக்கை அழுத்தியபடியே இறங்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆறவிட்டு, மறுபடி அழுத்துங்கள். ரப்பர் கருகுவதுபோன்ற மணம் வந்தால், யார் ஹோன் அடித்தாலும், ஓரத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிப்போகும்.

இன்னொன்று. உங்கள் ட்ரெயிலரில் தனி பிரேக் இருக்கிறதா? நீங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. 1900 கிலோவைப் பிரேக் இல்லாமல் மலையிலிருந்து இறக்குவது, எந்த எஞ்சினாக இருந்தாலும், நான் என் பிள்ளைகளைச் செய்ய விடாத வேலை. ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். கெப் வேகத்தைக் குறைத்தவுடன் ட்ரெயிலர் முன்னோக்கித் தள்ளும் விசையாலேயே அதன் பிரேக் பிடிக்கும் ஓவர்ரன் அமைப்பை முதலில் பொருத்துங்கள். பெற்றோலா டீசலா என்பது அதற்குப் பின்னர் பேச வேண்டியது.


பதில்: வெள்ளவத்தைப் பொறியியலாளன்

சாரதி ஐயா சொன்னதற்கு ஓர் எண்ணை மட்டும் சேர்க்கிறேன். 4000 கிலோ நிறை 300 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளியாகும் சக்தி ஏறத்தாழ 12 மெகா யூல். அதை எஞ்சின் தாங்காவிட்டால் பிரேக்குகள்தான் வெப்பமாக விழுங்க வேண்டும். 40 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்குவது 300 மீற்றரைப் போல நான்கு மடங்குக்கும் அதிகமான இறக்கம்.


பதில்: பஞ்சிகாவத்தை உதிரிப்பாகம்

நான் உதிரிப்பாகக் கடை நடத்துபவன், கராஜ் வேலையிலிருந்து வந்தவன். எஞ்சினைத் தெரிவு செய்வது ஒரு நாள் வேலை, அதைக் கட்டிக்காப்பது பத்து வருட வேலை என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

பெற்றோல் 2.7 எஞ்சின் எளிமையானது. டைமிங் செயின், குறைந்த அழுத்தத்தில் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள், டேர்போ இல்லை, டேர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லை. கெட்டுப்போகும் பொருட்கள் குறைவு, கெட்டால் மாற்றும் செலவும் குறைவு. டீசலில் கொமன் ரெயில் பம்ப் எரிபொருளை ஆயிரம் பாருக்கு (சாதாரண காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு) மேல் அழுத்திக் கொடுக்கிறது, இன்ஜெக்டரின் முனையிலுள்ள துளைகள் மயிரிழையைப் போன்றவை. தொட்டியில் தண்ணீரோ தூசியோ சேர்ந்தால் நான்கு இன்ஜெக்டரும் ஒன்றாகப் போகும், அப்போது பெற்றோல் வண்டியில் மிச்சம் பிடித்திருக்கக்கூடிய பணத்தின் நினைவு வரும். 2022 ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் பீப்பாய்களிலும் கலன்களிலும் டீசலைச் சேமித்து வைத்து ஊற்றியவர்கள், அதற்குப் பின் வந்த மாதங்களில் இன்ஜெக்டரோடு என் கடைக்கு வந்ததை நான் மறக்கவில்லை. மின்பிறப்பாக்கிக்காக நீங்களும் கலனில் டீசல் வைத்திருப்பீர்கள். அதைக் கெப்புக்கு ஊற்றுவதாயின் வடிகட்டி, அடியில் தங்கியதை விட்டுவிட்டு ஊற்றுங்கள். பில்டருக்குக் கீழே தண்ணீர் தங்கும் கிண்ணத்தை மாதம் ஒரு முறையாவது திறந்து வடியுங்கள்.

அந்த டீசலை வாங்குமுன் நான் சொல்லும் நான்கு காரியங்களைச் செய்யாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். இன்ஜெக்டர் ரிட்டேன் பார்க்க வேண்டும்: நான்கிலிருந்தும் திரும்பி வரும் எரிபொருளின் அளவு ஒரேமாதிரி இருக்க வேண்டும், ஒன்று மட்டும் கூடுதலாகத் திருப்பி அனுப்பினால் அது தேய்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள், புகைவண்டிபோலப் புஸ்ஸென்று அடித்தால் பிஸ்டன் வளையங்கள் தளர்ந்திருக்கின்றன. டேர்போவின் குழாயைக் கழற்றி விசிறியை விரலால் அசைத்தால் மேலும் கீழும் ஆடக்கூடாது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். அந்த 3.0 எஞ்சினுக்கு 150,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும், விற்பவருக்குத் தெரியாது என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவையும் விலையில் குறைத்துப் பேசுங்கள். பெற்றோலில் செயின் என்பதால் அந்தக் கவலை இல்லை.

எரிபொருட் செலவில் டீசல்தான் முந்தும், அதிலும் சுமை கூடக்கூட இடைவெளி கூடும். வெறும் கெப்பாகக் காலிமுகத்திடலுக்குப் போய் வருவதில் தெரியும் வித்தியாசத்தைவிட, இழுத்துக்கொண்டு மலை ஏறும்போது தெரியும் வித்தியாசம் பெரிது. ஒரு லீற்றர் டீசலில் ஒரு லீற்றர் பெற்றோலைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கூடிய சக்தி அடங்கியிருக்கிறது, அதை டீசல் எஞ்சின் வீணாக்காமல் பயன்படுத்துவதும் கூடுதல். மேலே ஐயா சொன்ன 48 கிலோவாட்டில் பன்னிரண்டு நிமிடம் ஏறினால் டீசலுக்கு இரண்டரை லீற்றரை அண்டிச் செலவாகும், பெற்றோலுக்கு நான்கு லீற்றரை நெருங்கும். லீற்றருக்கு லீற்றர் ஓட்டோ டீசலின் விலை பெற்றோலைவிடக் குறைவாக இருப்பதும் நமது நாட்டில் வழமை.

உங்கள் தொழிலுக்கென்றே இன்னொரு நன்மையும் இருக்கிறது, அதை யாரும் குறிப்பிடாததால் சொல்கிறேன். மின்பிறப்பாக்கி டீசலில் ஓடுகிறது. இழுக்கும் வண்டியும் டீசலானால் ஒரே வகை எரிபொருளை மட்டும் கொண்டுபோனால் போதும். மழையில், நள்ளிரவில், கோயில் வீதியில் விளக்கொளியில் நின்றுகொண்டு கலனை மாற்றி ஊற்றும் தவறு ஏற்பட இடமே இருக்காது. டீசல் எஞ்சினுக்குப் பெற்றோல் ஊற்றிக் கொண்டுவந்த வாகனங்களை நான் திறந்து பார்த்திருக்கிறேன், பம்ப்பின் உள்ளே உலோகத் துகள் மின்னும்.


பதில்: முகத்துவாரம் படகுக்காரன்

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சிறு குறிப்பு மட்டும் வைக்கிறேன். பதினெட்டு அடி ஃபைபர் படகு ஒன்றை ட்ரெயிலரில் வைத்து முகத்துவாரத்திலிருந்து நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் எட்டு வருடங்களாகப் பெற்றோல் கெப்பில் இழுத்து வருகிறேன். ட்ரெயிலரோடு 900 கிலோவுக்குள் அடங்கும், வழி முழுவதும் சமதரை, மாதத்துக்கு இரண்டு பயணம். எனக்கு ஒரு நாளும் வலு போதாமற் போகவில்லை, வருடாந்தப் புகைப் பரிசோதனையில் ஒரு தடவையும் தடுமாறவும் இல்லை. சமதரையில் குறைந்த நிறையை இடையிடையே இழுப்பவர் டீசலின் பராமரிப்புச் செலவைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் உங்களுடைய நிறையையும் வழியையும் வாசித்த பின், உங்களுக்கு நான் பெற்றோலைச் சொல்ல மாட்டேன்.


கேட்டவர்: கொட்டாஞ்சேனை மின்னொளி

இவ்வளவு பொறுமையாக எழுதிய உங்கள் எல்லோருக்கும் நன்றி. சாரதி அண்ணன் கேட்ட கேள்விக்கு வெட்கத்தோடு பதில் சொல்கிறேன்: ட்ரெயிலரில் பிரேக் இல்லை. அப்பா காலத்தில் செய்வித்தது, அப்போது சிறிய மின்பிறப்பாக்கி இருந்தது, பெரியதை ஏற்றியபோது அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். அமெரிக்கர்கள் பெரிய பெற்றோல் எஞ்சின்களைக் கொண்டே மிகப் பெரிய ட்ரெயிலர்களை இழுக்கிறார்கள் என்று வாசித்தேன். அவர்களுடைய பெற்றோலால் முடிவது நம்முடைய பெற்றோலால் ஏன் முடியாது? ஹைலக்ஸின் 4.0 லீற்றர் ஆறு சிலிண்டர் பெற்றோல் கிடைத்தால் டீசலை முந்திவிடுமா?


பதில்: வெள்ளவத்தைப் பொறியியலாளன்

அவர்களுடைய பெற்றோலும் நம்முடையதும் ஒன்றுதான், எஞ்சினின் அளவுதான் வேறு. ஃபோர்ட் தனது கனரக பிக்கப் வண்டிகளுக்கு 2020 மாதிரியிலிருந்து 7.3 லீற்றர் எட்டுச் சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் ஒன்றைக் கொடுத்தது. அதன் வலு 430 குதிரைவலு, முறுக்குவிசை 644 நியூட்டன் மீற்றர். நீங்கள் பார்த்த 2.7 எஞ்சினைப் போல இரண்டே முக்கால் மடங்கு கொள்ளளவு, முறுக்குவிசையும் ஏறக்குறைய அதே மடங்கு. டேர்போ இல்லாத பெற்றோல் எஞ்சினில் முறுக்குவிசை கொள்ளளவைத் தொடர்ந்துதான் வரும், அதைத் தாண்டுவது கடினம். அதே வண்டிக்கு அதே ஆண்டில் அவர்கள் கொடுத்த 6.7 லீற்றர் டேர்போ டீசலின் முறுக்குவிசை 1424 நியூட்டன் மீற்றர். சிறிய எஞ்சின், இரண்டு மடங்குக்கு மேற்பட்ட முறுக்குவிசை. குதிரைவலுவில் வித்தியாசம் 430க்கு 475 என்ற அளவில்தான். உங்கள் இரண்டு கெப்புகளின் கதையே அங்கேயும் பெரிய அளவில் நடக்கிறது. அங்கே பலர் பெற்றோலைத் தெரிவு செய்வதற்குக் காரணம், டீசல் எஞ்சினுக்கு வாங்கும்போதே பல ஆயிரம் டொலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதும், அதன் புகைச் சுத்திகரிப்புக் கருவிகளின் செலவும்தான்.

ஹைலக்ஸின் 4.0 பெற்றோல் 175 கிலோவாட்டும் 376 நியூட்டன் மீற்றரும் தரும். முறுக்குவிசையில் உங்கள் டீசலை முந்தும், ஆனால் 3800 சுழற்சியில்தான். அதை எரிபொருள் ஊற்றிக் காப்பாற்றுவது கொழும்பு நெரிசலில் எப்படியிருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்கர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது எஞ்சின் அளவல்ல, அவர்கள் இழுவையை அளக்கும் முறை. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டிலிருந்து ஏறும் 18 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான மலை வீதியில், 38 பாகை செல்சியசுக்குக் குறையாத வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டபடி, சொல்லப்பட்ட முழு நிறையையும் இழுத்துக்கொண்டு, சாதாரண பிக்கப் மணிக்கு 64 கிலோமீற்றருக்குக் கீழே இறங்காமல் ஏறிக் காட்ட வேண்டும். பன்னிரண்டு வீதச் சரிவில் நின்ற நிலையிலிருந்து ஐந்து தடவை புறப்பட்டும் காட்ட வேண்டும். எஞ்சினின் வலுவோடு ரேடியேற்றர், கியர்ப்பெட்டி, பிரேக், சஸ்பென்ஷன் எல்லாமே சேர்ந்து தேறிய இழுவை நிறையைத்தான் அந்தச் சோதனை முறையைப் பின்பற்றும் நிறுவனங்கள் விளம்பரத்தில் எழுதுகின்றன. இங்கே பலர் முறுக்குவிசை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, ரேடியேற்றரில் துருவேறிய தண்ணீரோடு மலை ஏறுகிறார்கள். எந்தக் கெப்பை எடுத்தாலும் அதற்குரிய கூலன்ற்றை நிரப்பி, ரேடியேற்றரைக் கழுவி, தானியங்கிக் கியராக இருந்தால் அதன் எண்ணெய்க்குத் தனிக் குளிரூட்டி பொருத்தி, அந்த வண்டியின் கையேட்டில் இழுவைக்கென்று எழுதியிருக்கும் நிறைக்குள் நில்லுங்கள்.

1900 கிலோ என்பது உங்கள் கணிப்பு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எரிபொருள் நிரப்பி, வயர்களை ஏற்றிய பிறகு அதை ஒரு எடைமேடையில் நிறுத்துப் பாருங்கள். கொக்கியில் இறங்கும் நிறையையும் தனியாக அளவுங்கள். நான்கு சக்கர ட்ரெயிலர் என்றீர்கள்: இரண்டு அச்சுகளும் அருகருகே நடுவில் இருந்தால் மொத்த நிறையில் பத்திலொரு பங்கை அண்டிக் கொக்கியில் இருக்க வேண்டும், அதைவிட மிகக் குறைந்தால் வேகத்தில் ட்ரெயிலர் வாலை ஆட்டத் தொடங்கும்.


பதில்: ஹட்டன் வீதிச் சாரதி

உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு இந்த நிறையுள்ள ட்ரெயிலரை இழுக்க இடந்தருகிறதா என்பதையும், ட்ரெயிலரின் பதிவையும் காப்புறுதியையும் வேரஹெரவிலோ நாரஹேன்பிட்டியிலோ உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் தம்பி. விபத்தென்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.


கேட்டவர்: கொட்டாஞ்சேனை மின்னொளி

இன்று காலை பேலியகொடைப் பக்கம் எடைமேடை ஒன்றில் நிறுத்தினேன். தொட்டி நிறைந்த நிலையில் 2160 கிலோ. என் கணிப்பைவிட 260 கிலோ கூட. அச்சுகள் நடுவில்தான் இருக்கின்றன, கொக்கியில் இறங்குவது 90 கிலோ மட்டுமே. மின்பிறப்பாக்கியை இருபது சென்ரிமீற்றர் அளவில் முன்னே நகர்த்திப் பொருத்தவும், ஓவர்ரன் பிரேக் போடவும் வத்தளையிலுள்ள ஒரு பட்டறையில் பேசி முடித்திருக்கிறேன். டீசல் கெப்பை வியாழக்கிழமை ரிட்டேன் பார்ப்பதற்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அது தேறாவிட்டால் வேறு டீசலைத் தேடுவேன். ட்ரெயிலர் பிரேக் வேலை முடியும்வரை மலைநாட்டு வேலைகளுக்கு லொறியை வாடகைக்கு எடுத்து, மின்பிறப்பாக்கியை அதில் ஏற்றியே கொண்டுபோவதாக மாத்தளைக்காரருக்குச் சொல்லிவிட்டேன்.